பின்னணியில் இருந்தவர்

தியானப் பகுதி: மாற்கு 8:22–26



ஒவ்வொரு நாள் காலையிலும் நமது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தோடு வேதவசனத்தை நான் அனுப்பிவந்ததை நீங்கள் அறிவீர்கள். குளத்தில் விரிந்த தாமரை, தென்னங்கீற்றின் நுனியில் தொங்கும் மழைத்துளி, மலையிலிருந்து இறங்கும் அருவி, சில நாட்களில் எங்கள் வீட்டு நாய் மணி. கடந்த மூன்று வாரங்களாக அந்தப் படங்கள் வரவில்லை. உடல்நலம் சரியில்லையோ என்று பலர் அன்போடு விசாரித்தீர்கள். கர்த்தருடைய கிருபையால் நலமாகவே இருக்கிறேன். ஆனால் நான் எடுத்த படங்களை நானே ஒருமுறை ஒழுங்காகப் பார்க்க நேர்ந்தது. அவற்றில் கண்டதை இந்த வாரம் உங்களிடம் அறிக்கையிடுகிறேன். இதில் வரும் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் சொல்லவில்லை.

மணி எங்களிடம் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் ஆலயத்தின் வாசற்படியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி அது. என் மகள் அதைத் துண்டில் சுற்றிக் குருமனைக்குள் கொண்டுவந்தாள், பெயரும் இட்டாள். சில மாதங்களில் வேலை கிடைத்து அவள் பெங்களூருக்குப் புறப்பட்டபோது என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்பா, தினமும் மணியை ஒரு படம் எடுத்து அனுப்புங்க.” அதே வாரத்தில் மருத்துவரும் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கும்படி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவ்வாறு நாயும் நடையும் படமும் ஒரே நேரத்தில் என் வாழ்க்கைக்குள் வந்தன.

எங்கள் நடை எப்போதும் ஒரே வழிதான். குருமனையிலிருந்து புறப்பட்டு, தெருமுனைத் தேநீர்க்கடையைக் கடந்து, குளத்தங்கரை வரை சென்று அதே வழியாகத் திரும்புவோம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நாகர்கோவில் தெருக்களிலும் வீசுவதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காற்றில் எந்த இலையும் அசையாமல் நிற்பதில்லை. எடுத்த படமெல்லாம் கலங்கியே வரும். ஆவணி பிறந்து காற்று தணிந்தபின்தான் இலைகள் படத்துக்கு இசைந்துகொடுக்கும்.

முதலில் நான் எடுத்த படங்களைப் பார்த்து மகள் சிரித்தாள். மணி கறுப்பு நிறம். நின்ற நிலையிலேயே கைப்பேசியைக் கீழ்நோக்கிப் பிடித்து எடுத்ததால், இரண்டு காதுகள் முளைத்த ஒரு கறுப்புத் திட்டு மட்டுமே தெரிந்தது. “அதோட உயரத்துக்கு நீங்க இறங்கணும் அப்பா” என்றாள். மறுநாள் தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி எடுத்தேன். மணியின் கண்கள் என் கண்களுக்கு நேராக வந்தன; அவற்றுக்குள் காலைச் சூரியன் ஒரு புள்ளியாக மின்னியது. முழங்காலிடுவது போதகனுக்குப் புதிதல்ல. ஆயினும் நடுத்தெருவில், ஒரு நாய்க்கு முன் முழங்காலிட்ட என்னைப் பார்த்துத் தேநீர்க்கடைக்காரர் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரத்தில் ஒளி சாய்வாக விழும். அப்போது சாதாரண மதிற்சுவரும் அழகு பெறும். ஒளியைப் பின்னால் வைத்தால் செம்பருத்தி இதழின் நரம்புகள் தெரியும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இன்னொன்று. லென்ஸின் வாயை அகலத் திறந்து ஒரு பொருளின்மேல் குவித்தால், அது மட்டும் கூர்மையாகத் தெரியும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மங்கிக் கரைந்துவிடும். கைப்பேசியில் கணக்கிட்டு அதே விளைவை உண்டாக்கும் வசதி இருக்கிறது. குப்பைத்தொட்டி, மின்கம்பம், சுவரொட்டி என்று நாம் வேண்டாமென்று நினைக்கும் அனைத்தையும் அது மெல்லிய நிறப்புகையாக மாற்றிவிடும். என் படங்கள் திடீரென்று அழகாயின. மகளுக்கு மட்டும் அனுப்பியவற்றை வசனம் சேர்த்து உங்களுக்கும் அனுப்பத் தொடங்கினேன். நீங்கள் பாராட்டினீர்கள். ஒருநாள் தாமதமானால், “இன்னைக்குப் படம் எங்க ஐயா?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேநீர்க்கடையைக் கடந்து நான்காவது வீட்டின் வாசலில் ஒரு முதியவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். நாங்கள் எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாலும் அவர் எங்களுக்கு முன்பே எழுந்து, தோளில் வெள்ளைத் துண்டோடு அங்கே இருப்பார். தெருப் பிள்ளைகள் அவரைப் பாட்டா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய மகனின் குடும்பம் நமது சபையைச் சேர்ந்ததே. அவருக்கு முழங்கால் வலி. ஆலயப் படி ஏற முடியாது. வருடத்தில் இரண்டொருமுறை அவர் வீட்டுக்குச் சென்று திருவிருந்து கொடுத்து, ஜெபித்துவிட்டு வருவேன். ஒருமுறைகூட அங்கே கால்மணி நேரத்துக்கு மேல் நான் அமர்ந்ததில்லை.

மணி அந்த வாசலைத் தாண்டிப் போகாது. நின்று, வாலை ஆட்டி, அவர் முழங்காலில் தலையை வைக்கும். பாட்டா தம் தேநீரோடு வைத்திருந்த ரஸ்க்கில் பாதியை அதற்குக் கொடுப்பார். நானோ குளத்தங்கரை ஒளி போய்விடுமே என்ற அவசரத்தில் கயிற்றை இழுப்பேன். “ஸ்தோத்திரம் பாட்டா, வரட்டுமா” என்பேன். “ஸ்தோத்திரம் ஐயா, போயிட்டு வாங்க” என்பார். நாள்தோறும் எங்கள் உரையாடல் இவ்வளவே.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அவர் கூடுதலாக ஒன்று கேட்டார். “நாய்க்கெல்லாம் படம் பிடிக்கிறீங்க ஐயா. எனக்கும் ஒண்ணு பிடிச்சுத் தாங்க. நல்லதா ஒரு படம் எனக்கு இல்ல.” வானம் மூடியிருந்தது, எனக்கு நேரமும் ஆகிவிட்டது. “இப்போ வெளிச்சம் சரியில்ல பாட்டா. ஞாயிற்றுக்கிழமை நல்லா உடுத்திட்டு இருங்க, எடுத்திரலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். சொன்னதை அன்று மாலைக்குள் மறந்தும்போனேன்.

ஆகஸ்ட் 15 விடுமுறையன்று, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் வாலிபர்களையும் அழைத்துக்கொண்டு உலக்கை அருவிக்குச் சென்றோம். அழகியபாண்டியபுரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் ஏற வேண்டும். சாரல் பெய்திருந்ததால் பாதையெங்கும் அட்டைகள். பிள்ளைகள் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஏறினார்கள். நமது மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பது கர்த்தர் அருளிய தனிச்சலுகை. அந்த இரட்டை மழையின் செழிப்பு முழுவதும் அந்தக் காட்டில் தெரியும். அருவியின் ஓசை முதலில் காற்றைப்போல் கேட்டது; பின்பு மரங்கள் விலகின; பாறையின் மேலிருந்து வெண்ணிறத்தில் நேராக இறங்கும் நீரைக் கண்டோம்.

வாலிபர் ஒருவர் தம்முடைய பெரிய கேமராவையும் முக்காலியையும் எனக்காகக் கொண்டுவந்திருந்தார். அருவியைப் படமெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கேமராவின் கதவை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால், ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணிபோல் உறைந்து நிற்கும். பல விநாடிகள் திறந்துவைத்தால், விழும் நீர் வெண்பட்டுப்போல் வழுவழுப்பாகிவிடும். பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் முழுவதும் வெளுத்துவிடும் என்பதால், லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துவார்கள். கேமரா அசையாதிருக்க முக்காலி வேண்டும். வெயிலைவிட மேகம் மூடிய நாளே இதற்கு நல்லது. அன்று எல்லாம் அமைந்திருந்தது.

பிள்ளைகள் அருவியின் கீழே நீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கரையேறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. கதவை இருபது விநாடி திறந்துவைத்தேன். படம் திரையில் தோன்றியபோது நானே வியந்துபோனேன். பட்டுத்துணி விரித்ததுபோன்ற நீர், கரும்பாறை, பச்சைக் காடு; ஒரு மனிதர்கூட இல்லை. ஓடியாடிய பிள்ளைகளில் ஒருவரும் ஓர் இடத்தில் நிற்காததால் எவருடைய உருவமும் பதியவில்லை. உற்றுப் பார்த்தால் நீரின்மேல் மெல்லிய கறைபோல் ஏதோ தெரிந்தது, அவ்வளவே.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து திரையை எட்டிப்பார்த்தாள். நெடுநேரம் தேடினாள். பின்பு கேட்டாள்: “ஐயா, நாங்க எங்க?”

நீண்டநேரம் திறந்திருந்தால் அசைபவை பதியாது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டது அதுவன்று. “நாங்க எல்லாரும் அங்கதான இருந்தோம்” என்று சொல்லிவிட்டு மீண்டும் நீருக்குள் ஓடிவிட்டாள். அந்தப் படத்தை மறுநாள் உங்களுக்கு அனுப்பினேன். அதுவரை எந்தப் படத்துக்கும் வராத அளவுக்குக் கைகூப்பிய சின்னங்கள் வந்தன. “ஆள் இல்லாம எப்படி ஐயா எடுத்தீங்க?” என்று சிலர் கேட்டீர்கள். நான் பெருமையோடு பதில் எழுதினேன்.

புகைப்படக்கலையின் தொடக்க வரலாற்றில் இதேபோன்ற படம் ஒன்று உண்டு. 1838ஆம் ஆண்டில் லூயி டாகேர் என்பவர் பாரிஸ் நகரில், ‘பூல்வார் டூ தாம்ப்ல்’ என்னும் பரபரப்பான வீதியை மேலிருந்து படமெடுத்தார். அக்காலத்து வெள்ளித் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். வீதியில் வண்டிகளும் குதிரைகளும் மக்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவர்கள் எவரும் பதியவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகு போடுவதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றவர் அவர். அவருடைய காலடியில் அந்த வேலையைச் செய்தவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்களே என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் எவர் என்று உலகம் அறியாது. ஓரிடத்தில் தங்கியிருந்ததால் அவர்கள் பதிந்தார்கள்.

இதை ஒரு பிரசங்கத்துக்கு உதாரணமாகக் குறித்துவைத்திருந்தேன். என்னைக் குறித்த உதாரணம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அருவிக்குப் போய்வந்த ஒன்பதாம் நாள் இரவில் பாட்டா உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். விடியுமுன் அவருடைய மகன் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். அடக்க ஆராதனையின் நேரத்தைப் பேசி முடித்தபின் தயங்கியபடி கேட்டார்: “பேனர் அடிக்கணும் ஐயா. அப்பா படம் ஆதார் அட்டையில உள்ளதுதான் இருக்கு, தெளிவா இல்ல. நீங்க தினமும் அந்த வழியாப் படம் எடுப்பீங்களே. அப்பா இருக்கற மாதிரி ஒண்ணாவது இருக்குமா?”

“கண்டிப்பா இருக்கும், இப்போ அனுப்புறேன்” என்றேன். இருக்கும் என்றே உறுதியாக நம்பினேன்.

என் கைப்பேசியில் ஆறாயிரத்துக்கும் அதிகமான படங்கள் இருந்தன. அது முகங்களைத் தானே அடையாளம் கண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகைப்படுத்தி வைக்கும். என் மனைவிக்கு ஒரு தொகுப்பு. மகளுக்கு ஒரு தொகுப்பு. மணிக்கும்கூடத் தனித்தொகுப்பு ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளாகக் காலைதோறும் நான் கண்ட அந்த முதியவருக்கு எந்தத் தொகுப்பும் இல்லை. ஆகவே ஒவ்வொரு படமாகத் தேடினேன். அவர் இருந்தார், முப்பத்தெட்டுப் படங்களில் இருந்தார். மணியின் காதுக்குப் பின்னால், செம்பருத்திக் கிளைக்கு அப்பால், சுவரோரத்துப் பூனைக்கு வலப்புறத்தில், வெள்ளைத் துண்டு ஒரு வெளிறிய திட்டாகவும் முகம் ஒரு பழுப்புத் திட்டாகவும் தெரிந்தன. என் படங்களுக்கு அழகு சேர்த்த நிறப்புகைக்குள் அவர் அமர்ந்திருந்தார். நானே அவரை அங்கே வைத்திருந்தேன்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் அவரில் ஒரு பகுதி தெளிவாக இருந்தது. மணியின் முகத்தை எடுக்க நான் குனிந்த நேரத்தில் அவருடைய கை குறுக்கே வந்து அதன் தலைமேல் அமர்ந்திருக்கிறது. சுருங்கிய தோல், புடைத்த நரம்புகள், முனை இல்லாத ஆள்காட்டி விரல், விரல்களுக்கிடையில் பாதி ரஸ்க் ஆகிய எல்லாம் கூர்மையாகப் பதிந்திருந்தன. கை குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிட்டது என்று அன்று நான் சலித்துக்கொண்டதும், அழிக்க நினைத்து மறந்ததும் நினைவுக்கு வந்தன.

மகனை அழைத்து, படம் இல்லை என்று சொன்னேன். “பரவாயில்ல ஐயா” என்றார். அடையாள அட்டையிலிருந்த முகத்தையே பெரிதாக்கிப் பேனர் அச்சிட்டார்கள். புள்ளிபுள்ளியாகச் சிதைந்திருந்த அந்த முகத்தின் முன் நின்றுதான் நான் அடக்க ஆராதனையை நடத்தினேன். நான் என்ன பேசினேன் என்பது எனக்கே நினைவில்லை.

மூன்று நாட்கள் கழித்து, அந்தக் கையின் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவருடைய மனைவியைப் பார்க்கச் சென்றேன். மணியும் கூட வந்தது. முகம் இல்லாத ஒரு படத்தைக் கொடுப்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா அதை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். “இந்தக் கையை எனக்குத் தெரியும் ஐயா” என்றார்கள். பின்பு விரலின் முனை போன கதையைச் சொன்னார்கள்.

பாட்டா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்தவர். இதை நான் அன்றுதான் அறிந்தேன். விடியுமுன் குளிர்ச்சியாக இருக்கும்போது பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பட்டையை மெல்லிய சீவலாக, சாய்வாகச் சீவ வேண்டும். ஆழமாகப் பட்டால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. வெட்டிவிட்டு அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போவார். பால் ஒரே பாய்ச்சலில் வராது. சொட்டுச்சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். எல்லா மரங்களையும் முடித்துக் காத்திருந்து, பின்பு முதல் மரத்துக்குத் திரும்பிவந்து சேகரிப்பார். அப்படியான ஓர் இருட்டில் கத்தி வழுக்கி விரல்முனை போயிற்று. வேலையை விட்டுப் பல ஆண்டுகளாகியும் அந்த நேரத்துக்கு உறக்கம் கலைந்துவிடும். அதனால்தான் எங்களுக்கு முன்பே எழுந்து வாசலில் அமர்ந்திருந்தார்.

இத்தனையும் இரண்டு ஆண்டுகளாக என் வழியில் அமர்ந்திருந்தது. நான் கயிற்றை இழுத்துக்கொண்டு போனேன்.

புறப்படும்போது அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. கணவரைக் குறித்த ஓர் இனிய நினைவாகவே சொன்னார்கள். “நீங்க ஒருநாள் படம் எடுக்க வாறேன்னு சொல்லியிருந்தீங்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, தலையெல்லாம் சீவிட்டு மத்தியானம் வரைக்கும் வாசல்லயே இருந்தாங்க. ஐயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருக்கும்லா, வேற ஒருநாள் வருவாங்கன்னு சொல்லிட்டுச் சட்டையை மடிச்சு வச்சாங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த வழியே நடப்பதில்லை. மூன்று ஆராதனைகள் இருக்கின்றன. அதை யோசிக்காமலேயே, தட்டிக்கழிக்க வாய்க்கு வந்த ஒரு நாளைச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் என்ன பிரசங்கித்தேன் என்று என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.

அன்பானவர்களே, பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனைக் குணமாக்கிய நிகழ்ச்சி சுவிசேஷங்களில் மாற்கு மட்டுமே எழுதிவைத்திருப்பது. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே தொடுதலில் அந்த மனிதன் முழுப்பார்வை அடையவில்லை. முதல் தொடுதலுக்குப் பின் மனிதர்கள் அவனுக்கு மரங்களைப்போல் தெரிந்தார்கள். மரங்கள் நடமாடுவதைப்போலக் கண்டான். அதை அவன் ஒளிக்காமல் சொன்னான். ஆண்டவர் மீண்டும் தம் கைகளை அவன் கண்களின்மேல் வைத்தார். அதன்பின்தான் எல்லாம் அவனுக்குத் தெளிவாயிற்று.

இப்பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். முதல் தொடுதலோடு நின்றுவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று எண்ணியதில்லை. எனக்குப் பார்வை கிடைத்திருந்தது உண்மையே. பனித்துளியைப் பார்த்தேன்; ஒளியின் சாய்வைப் பார்த்தேன்; நாயின் கண்ணுக்குள் சூரியனைப் பார்த்தேன். அவையெல்லாம் கர்த்தருடைய கரத்தின் கிரியைகள். அவற்றைப் பார்த்ததற்காக நான் மனம் வருந்தவில்லை. ஆனால் மனிதர்கள் எனக்கு மரங்களைப்போலவே இருந்தார்கள். படத்துக்குப் பின்புலமாகும் மரங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். தொடுவதற்கு முன்பாகவே இயேசு அந்தக் குருடனின் கையைப் பிடித்து, கிராமத்துக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று எழுதப்படவில்லை. கண் தெரியாதவனைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறவர் வேகமாக நடக்க முடியாது. அவனுடைய நடையின் வேகமே அவருடைய வேகமாகியிருக்கும்.

நான் படமெடுப்பதை விட்டுவிடப் போவதில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மருத்துவரும் விடமாட்டார். ஆனால் இரண்டு காரியங்களை மாற்றியிருக்கிறேன். முதலாவது, காலை நடையில் யாராவது வாசலில் அமர்ந்திருந்தால் கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விடும். பேசி முடித்தபின் விருப்பம் இருந்தால் வெளியே வரும். இரண்டாவது காரியத்துக்கு உங்கள் உதவி வேண்டும். நமது சபையின் முதியவர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் விரும்பும் விதமாக எடுக்கப்பட்ட ஒரு படம் இருக்கிறது? அடையாள அட்டைக்காக எடுத்ததைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் பலர் இருக்கக்கூடும். வரும் வாரம் முதல் வாலிபர்கள் இருவர் இருவராக அவர்கள் வீடுகளுக்குச் செல்லவிருக்கிறார்கள், நானும் செல்வேன். முதல் அரைமணி நேரம் கேமராவைத் திறக்கக்கூடாது என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டளை. முதலில் அமர்ந்து கேட்போம், பின்பு எடுப்போம். அதை அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுப்போம். நினைவுநாளுக்காக வைத்திருக்கும் படமாக இல்லாமல், அவர்களே பார்த்து மகிழும் படமாக அது இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தால், வாலிபர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளியும் போடாதீர்கள். வெளிச்சம் எப்போதும் போதுமானதே.

அருவியில் எடுத்த அந்தப் படத்தை என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். அன்று வாலிபர் ஒருவர் எடுத்த வேறொரு படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதில் அருவி வெளுத்துப்போயிருக்கிறது, சட்டம் சாய்ந்திருக்கிறது, ஒரு பையனின் முதுகு பாதியை மறைக்கிறது. ஆனாலும் அந்தச் சிறுமி அதில் இருக்கிறாள். நாளைக் காலை அதைத்தான் உங்களுக்கு அனுப்புவேன்.

மணி இன்றும் அந்த நான்காவது வீட்டு வாசலில் நிற்கிறது. காலியான நாற்காலியை முகர்ந்துபார்த்துவிட்டு, சற்று நேரம் அங்கேயே படுத்துக்கொள்கிறது. நான் கயிற்றை இழுப்பதில்லை. சில நாட்களில் அம்மா உள்ளேயிருந்து வந்து நாற்காலியில் அமர்கிறார்கள். நான் படியில் அமர்ந்துகொள்கிறேன்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, நீர் படைத்த அழகைக் காணக் கண்களைத் தந்தீர்; ஸ்தோத்திரம். அந்த அழகின் நடுவே நீர் வைத்த மனிதர்களைக் காணாமல் கடந்துபோன குற்றத்தை எங்களுக்கு மன்னியும். எங்கள் கண்களை இன்னொருமுறை தொட்டருளும். கொடுத்த வாக்கை நிறைவேற்றும் வரை எங்களை உறங்கவிடாதேயும். எங்களுக்காக வாசலில் காத்திருக்கிறவர்களிடம் எங்கள் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.